பழைய கூலிங் பேப்பரை அகற்றும் முறை

ஆரணிக்கும் போளூருக்கும் இடையில், வடமாதிமங்கலத்தை அடுத்து, திருமலை என்னும் ஊர் இருக்கிறது. பாறையிலே செதுக்கப்பட்டுச் சுமார் 16 மீட்டர் உயர்ந்து நிற்கும் நேமிநாதர் திருவுருவத்தையும், குந்தவையின் பெயரைத் தாங்கிய ஜினாலயத்தையும், முதலாம் இராஜேந்திர சோழனின் திக்விஜயத்தை வரிசைப்படுத்திக் கூறும் கல்வெட்டையும் தரிசிக்க வருகிற யாத்திரிகர்கள் மலையடிவாரத்தில் இறங்கியதும் முதன்முதலில் அனுபவிப்பது அவ்வூர் வெயிலைத்தான். பகல் முழுதும் பாறை வாங்கிவைத்த உஷ்ணம் அந்தி சாய்ந்த பின்னும் லேசில் அடங்குவதில்லை. ஆரணியைச் சுற்றியுள்ள கிராமங்கள் அனைத்துக்கும் அநேகமாக இதே வெயில்தான். ஆனால் சாதாரணக் குடும்பத்துக்கு அசௌகரியமாக மட்டும் இருக்கிற இந்த வெயில், பட்டு நெய்கிற குடும்பத்துக்கு நஷ்டமாகவும் முடியக்கூடும். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கிரணங்கள் சாயத்தை வெளுக்கச் செய்வதோடு நில்லாமல், பட்டிழையையே மஞ்சளாக்கி வலுவிழக்கவும் செய்கின்றன. சாமானிய ஜன்னல் கண்ணாடியோ அக்கிரணங்களில் ஒரு பகுதியை மட்டுமே தடுத்து, மீதியைத் தாராளமாக உள்ளே விட்டுவிடுகிறது.

முன்காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. நெசவாளர் வீட்டு ஜன்னலுக்கு மரக் கம்பியும் பலகைக் கதவும் போதுமானவையாக இருந்தன. கண்ணாடி என்பது ஜாகீர்தார்களின் ஆடம்பரம். ஆரணி ஜாகீர்தார் குடும்பத்தார் பூசிமலைக்குப்பத்துக் காட்டில் எழுப்பி, இன்று சிதிலமாகிக் கிடக்கிற கண்ணாடி மாளிகையைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆடம்பரம் எத்தகையது என்பது விளங்கும். ஓட்டு வீடுகள் கான்கிரீட் வீடுகளாக மாறி, பலகைக் கதவு போய்க் கண்ணாடிக் கதவு வந்த பிறகே, அந்தக் கண்ணாடியின்மேல் கூலிங் பேப்பர் ஒட்டுகிற பழக்கமும் வந்தது. அவ்வாறு பத்துப் பதினைந்து வருஷங்களுக்கு முன் ஒட்டப்பட்டு, இப்போது நிறம் மாறி, கொப்புளம் கொப்புளமாக எழும்பி, ஓரங்களில் சுருண்டு, வீட்டுக்கு ஒரு தரித்திரக் களையைத் தந்துகொண்டிருக்கும் காகிதத்தைக் கண்ணாடிக்குச் சேதமில்லாமல் எடுப்பது எப்படி என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

பேப்பர் என்று சொன்னாலும் அது காகிதம் அன்று; பாலியெஸ்டர் என்னும் செயற்கைப் பொருளின் மெல்லிய தகடு. இந்தப் பொருளை 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்ஸன் என்ற இரு இரசாயன நிபுணர்கள் கண்டுபிடித்தார்கள். இழையாக இழுத்தபோது அது டெரிலின் சட்டையாயிற்று, தகடாக விரித்தபோது ஜன்னல் பேப்பராயிற்று. பட்டுக்குப் போட்டியாகக் கடைவீதிக்கு வந்த அதே சரக்கு, பட்டைக் காக்கும் காவலாளியாக நெசவாளர் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்திருப்பது ஒரு வேடிக்கைதான். தகட்டின் ஒரு பக்கம் அக்ரிலிக் பசை பூசியிருக்கும். தகட்டுக்குள் சாயமோ, அலுமினியம் போன்ற உலோகத்தின் மிக மெல்லிய பூச்சோ, இரண்டுமோ இருக்கும். மலிவான தினுசுகளில் சாயம் மட்டுமே இருக்கும். அந்தச் சாயம் பல வர்ணங்களின் கலவையாகையால், வெயிலில் ஒன்று சீக்கிரமாகவும் மற்றொன்று தாமதமாகவும் வெளுத்து, கடைசியில் கறுப்பு நிறம் கத்தரிப்பூ நிறமாக மாறிவிடுகிறது. ஜன்னல் கத்தரிப்பூ நிறம் காட்டுகிறதென்றால் அந்தப் பேப்பரின் ஆயுள் முடிந்ததென்று தயங்காமல் தீர்மானித்துவிடலாம். கொப்புளங்கள், பசை தன் பிடியை இழந்ததற்கு அடையாளம்.

சிலர், கறுப்புப் பேப்பரை நீதிமன்றம் தடை செய்துவிட்டதே, அதனால் வீட்டு ஜன்னலிலும் எடுத்துத்தான் ஆகவேண்டுமோ என்று கேட்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 அன்று பிறப்பித்த உத்தரவு மோட்டார் வாகனக் கண்ணாடிகளைப் பற்றியது. வீட்டு ஜன்னலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எடுப்பதா வேண்டாமா என்பதை அழகையும் உபயோகத்தையும் பார்த்து அவரவரே முடிவு செய்துகொள்ளலாம்.

ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் எடுக்கக் கூடாது. கண்ணாடியில் ஏற்கெனவே கீறல் ஓடியிருந்து, பேப்பரின் பிடியினால் மட்டுமே துண்டுகள் விழாமல் நிற்கின்றன என்றால், பேப்பரை உரிக்கிறவர் அந்தத் துண்டுகளைத் தம் கையிலேயே ஏந்திக்கொள்ளும்படி ஆகிவிடும். 1942-இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மீதும் விசாகப்பட்டினத்தின்மீதும் குண்டு வீசி, சென்னை நகரமே கலைந்து கிராமங்களை நோக்கி ஓடிய நாட்களில், ஜன்னல் கண்ணாடிகளில் காகிதப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டச் சொன்னது, உடைந்தாலும் சில்லுகள் பறக்காமல் ஒட்டியபடி நிற்கவேண்டும் என்பதற்காகத்தான். கீறல் விட்ட கண்ணாடியில் பழைய பேப்பரும் இன்று அதே சேவையைச் செய்துகொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட ஜன்னலைக் கண்ணாடி வேலை தெரிந்தவரிடம் ஒப்படைத்து, பேப்பரோடு சேர்த்தே கழற்றிப் புதுக் கண்ணாடி போடச் செய்வதே உசிதம்.

வேலை தொடங்குமுன் பேப்பர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். அநேகமாக உட்புறமே ஒட்டியிருப்பார்கள். கண்ணாடியின் ஓரத்தை, சட்டத்தோடு அது சேருமிடத்தில், கூர்ந்து பார்த்தால், ஒட்டினவர் விட்டுவைத்த ஒரு நூலளவு வெற்றுக் கண்ணாடி தெரியும். விரல் நகத்தை அங்கே வைத்து உட்பக்கமாக நகர்த்தினால் பேப்பரின் விளிம்பில் நகம் தட்டும். நகம் தட்டுகிற பக்கமே வேலை செய்யவேண்டிய பக்கம். எந்த இடத்திலும் தட்டாமல், நிறம் மட்டும் கண்ணாடியோடு ஒன்றியிருக்கிறதென்றால் அது பேப்பரே அன்று, நிறக் கண்ணாடி. அதைச் சுரண்டிப் பிரயோஜனமில்லை. குளியலறை, பூஜையறை ஜன்னல்களில் வெள்ளை மங்கலாக ஒட்டுகிற ஸ்டிக்கர் வேறு வகை: அது பி.வி.சி. ஆகையால் இழுத்தால் ரப்பரைப்போலக் கொஞ்சம் நீளும். சூடு காட்டினால் எளிதில் வந்துவிடும். அதைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை.

கண்ணாடியின் ஜாதியையும் தெரிந்துகொள்ள வேண்டும். மூலையில் சிறு முத்திரை பொறித்திருந்தால் அது டஃபன்டு கண்ணாடியாக இருக்கக்கூடும். உலையில் சுட்டெடுக்கும்போது அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஒட்டிக்கொண்டிருப்பதுண்டு. பிளேடு அத்துகளைப் பெயர்த்து இழுத்துச் சென்றால் நீளமான கோடு விழுந்துவிடும், அதை அழிக்க வழியில்லை. ஆகையால் அத்தகைய கண்ணாடியில் பிளேடைத் தொடவே வேண்டாம். வெளிப்புறம் முகம் பார்க்கும் கண்ணாடியைப் போல மின்னுகிற ரிஃப்ளெக்டிவ் கண்ணாடிக்கும் இதே விதி. பூப்போட்ட டிசைன் கண்ணாடியில் வழவழப்பான பக்கத்தில்தான் ஒட்டியிருப்பார்கள். மேடுபள்ளமான பக்கத்தில் யாராவது ஒட்டியிருந்தால், அவரையே தேடிப்பிடித்து எடுக்கச் சொல்வதுதான் நியாயம்.

நெசவு வீட்டில் இந்த வேலைக்கு ஏற்ற தருணம், புடவையை அறுத்துத் தறியிலிருந்து இறக்கிய பிறகு, அடுத்த பாவைப் பிணைப்பதற்கு முன் கிடைக்கிற இடைவேளையே. தறியில் பாவு ஓடிக்கொண்டிருக்கும்போது ஜன்னலில் சோப்புத் தண்ணீரும் பசையும் தெறிக்கும்படி செய்வது விவேகமாகாது. தவிர்க்க முடியாவிட்டால் பாவின்மேல் பிளாஸ்டிக் விரிப்பும், அதன்மேல் கெட்டித் துணியுமாக இரண்டடுக்குப் போர்வை போடவேண்டும். சரிகைக் கண்டுகளையும் சாயமேற்றிய நூலையும் அடுத்த அறைக்கு அப்புறப்படுத்திவிடுவது நல்லது.

நாளைப் போலவே வேளையும் முக்கியம். பசை இளகுவதற்கு வெதுவெதுப்பு வேண்டும். ஆனால் உச்சி வெயிலின் உக்கிரம் வேண்டாம். கருநிறப் பேப்பர் ஒட்டிய கண்ணாடி நடுவில் சூரிய உஷ்ணத்தை உறிஞ்சிக் கொதித்துக்கொண்டிருக்க, லப்பத்துக்குள் புதைந்த அதன் ஓரம் நிழலில் குளிர்ந்தே இருக்கும். சாதாரணக் கண்ணாடி, இந்த இரண்டு உஷ்ண நிலைகளுக்கும் சுமார் 40 டிகிரி வித்தியாசம் வரைதான் தாங்கும். அதற்குமேல் போனால் ஓரத்திலிருந்து விரிசல் புறப்பட்டுவிடும். ஆகவே பங்குனி, சித்திரை மத்தியானத்தில் கொதிக்கிற கண்ணாடிமேல் குடத்துத் தண்ணீரை வீசிவிட்டு, கண்ணாடி மட்டம் என்று வியாபாரியை நிந்திப்பதில் நியாயமில்லை. கிழக்கு ஜன்னலுக்குக் காலை ஏழிலிருந்து ஒன்பது வரையிலும், மேற்கு ஜன்னலுக்கு வெயில் திரும்பத் தொடங்கும் வேளையிலும் வேலை செய்யலாம். வெயில் எட்டாத ஜன்னலுக்கு ஹேர் டிரையரை அரையடித் தூரத்தில் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே சூடு காட்டினால் போதும்.

முதற்காரியம் கழுவுதல். கல் மலைப் பிரதேசத்துத் தூசியில் குவார்ட்ஸ் துகள்கள் நிறைய உண்டு. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் கண்ணாடி ஏறக்குறைய 5.5, குவார்ட்ஸ் 7. அதாவது, கண்ணாடியைக் கீறுவது நம் பிளேடல்ல, பிளேடுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிக்கிக்கொண்ட மணல்தான். சட்டத்தின் இடுக்குகளைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, சுத்தமான தண்ணீரால் மேலிருந்து கீழாக இரண்டு தடவை கழுவிய பிறகே அடுத்த வேலை. சபீனா முதலிய துலக்கும் பொடிகள், சாம்பல், செங்கல் தூள் ஆகியவற்றுக்கு ஜன்னல் பக்கம் பிரவேசமே கூடாது.

ஒரு லிட்டர் வெந்நீரில் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் ஒரு கரண்டி கலந்து, ஸ்ப்ரே பாட்டிலில் நிரப்பிக்கொள்ளுங்கள். ஜன்னல் அளவுக்குப் பாலிதீன் விரிப்பு ஒன்று வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பேப்பர்மேல் சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, விரிப்பை அதன்மேல் ஒட்டவைத்து, அரைமணி முதல் ஒருமணி நேரம் வரை வெயிலின் பொறுப்பில் விட்டுவிடவேண்டும். விரிப்பின் வேலை, ஈரம் ஆவியாகாமல் காப்பது. பேப்பருக்குள் தண்ணீர் எளிதில் புகாதாயினும், ஓரங்கள், கொப்புளங்கள், வெடிப்புகள் வழியாக உள்ளே சென்று பசையை ஊறவைக்கும். பிறகு ஒரு மேல்மூலையை நகத்தாலோ பழைய ஏ.டி.எம். அட்டையின் விளிம்பாலோ மெதுவாகக் கிளப்பி, இரண்டங்குலம் விடுபட்டதும், பேப்பரைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போலவே மடித்துக் கீழ்நோக்கி இழுக்கவேண்டும். தம் மார்பை நோக்கி நேராக இழுக்கிறவர்கள் கையில் பேப்பர் கிழிந்து துண்டாக வரும். கண்ணாடியை ஒட்டித் தாழ்வாக இழுக்கிறவர்கள் கையில் முழு நீளமாக வரும். வேகமும் அப்படியே. வெடுக்கென்று இழுத்தால் பேப்பர் மட்டும் வந்து பசை தங்கிவிடும். நிமிஷத்துக்கு ஒரு சாண் என்று நிதானமாக இழுத்தால், இளகிய பசையில் பெரும்பகுதி பேப்பரோடு எழும்பி வரும். பேப்பர் பிரிகிற கோட்டில் பசை, வெல்லப்பாகின் கம்பியைப்போல மெல்லிய நூல்களாக நீண்டு அறுபடுவதைக் காணலாம். அந்த நூல்கள் தெரிகிற வரையில் வேகம் சரி. நூல் மறைந்து, சரசரவென்று சத்தம் கேட்க ஆரம்பித்தால், கையை நிறுத்தி மறுபடி தெளிக்கவேண்டும்.

மிகப் பழைய பேப்பர் இன்னொரு சங்கடத்தையும் கொடுக்கும். அது இரண்டு தகடுகளை ஒட்டிச் செய்ததாயிருந்தால், சாயமுள்ள மேல்தகடு மட்டும் அழகாக உரிந்து வந்து, நிறமில்லாத அடித்தகடு கண்ணாடியிலேயே இருந்துவிடும். காரியம் முடிந்ததென்று நினைத்துத் துடைத்தால், துணி வழுக்காமல் பிடித்திழுக்கும். அப்போதுதான் விஷயம் தெரியும். மேல்தகடு போனபின் அடித்தகட்டை முதலிலிருந்து ஊறவைத்து, அதே முறையில் எடுக்கவேண்டும்.

இப்போது மிஞ்சியிருப்பது பசை. மெய்யான வேலை இங்கேதான் ஆரம்பமாகிறது. அநேகர் பொறுமையிழந்து கண்ணாடியைப் பாழாக்குவதும் இங்கேதான். பட்டு நெசவோடு பழகியவர்களுக்கு இந்தப் பகுதியில் புதிதாகப் போதிக்க ஒன்றுமில்லை. கச்சாப் பட்டு நூலின் எடையில் நான்கில் ஒரு பங்கு வரைக்கும் செரிசின் என்னும் பசையே. அதை யாரும் சுரண்டி எடுப்பதில்லை. சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் நூலை அவித்து, நேரம் கொடுத்து, அது தானே கரைந்து கழலும்படி செய்கிறார்கள். ஜன்னல் பசை செரிசினைப்போலத் தண்ணீரில் கரைவதன்று என்பது வாஸ்தவம். ஆயினும் சூடும் சோப்பும் அவகாசமும் சேர்ந்தால் அதுவும் வெளுத்து, உப்பி, கண்ணாடியை விட்டுவிடும். பழைய வேட்டித் துணியைச் சோப்பு வெந்நீரில் நனைத்து, முழு ஈரத்தோடு கண்ணாடியில் அப்பி, மேலே பாலிதீன் விரிப்பைப் போர்த்தி ஒருமணி நேரம் விடவேண்டும். துணியை எடுத்ததும், கண்ணாடிபோல இருந்த பசை பாலாடை நிறத்தில் திரண்டிருக்கக் காணலாம். பிளாஸ்டிக் அட்டையால் ஓர் ஓரத்திலிருந்து தள்ளினால் சுருள்சுருளாக உருண்டு வரும். சொரசொரப்பான பாத்திர ஸ்பாஞ்சை எடுக்காதீர்கள். வெறும் பருத்தித் துணியே போதும்.

அட்டைக்கு மசியாத பசைக்குத்தான் பிளேடு. முத்திரையில்லாத சாதாரணக் கண்ணாடியில் மட்டும், துருவில்லாத புதுப் பிளேடை அதற்குரிய கைப்பிடியில் பொருத்தி, கண்ணாடியோடு 30 டிகிரி சாய்வில் வைத்து, எப்போதும் ஈரத்தின்மேல், முன்னோக்கி மட்டும் தள்ளவேண்டும். பின்னோக்கி இழுக்கும்போதுதான் பிளேடின் அடியில் துகள் சிக்குகிறது. ஆகையால் ஒவ்வொரு தள்ளலுக்கும் பிறகு பிளேடைத் தூக்கி, துணியில் துடைத்து, மறுபடி வைக்கவேண்டும். முனை சற்றே மழுங்கினாலும் மாற்றிவிடுங்கள். பிளேடில் சிக்கனம் பார்த்துக் கண்ணாடியை இழப்பது எந்தக் கணக்கிலும் சேராது. லப்பம் போடும் தகடு இதற்கு உதவாது.

கடைசியாக எஞ்சும் புகைபோன்ற பிசுபிசுப்பைத் துடைக்க, டர்பன்டைனோ நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனோ துணியில் இரண்டொரு துளி போதும். கண்ணாடியில் நேரே ஊற்றக் கூடாது. அசிட்டோன் மரச் சட்டத்தின் பெயின்டையும் பிளாஸ்டிக் சட்டத்தையும் தின்றுவிடும். ஆகவே ஓரத்துக்கு ஓரங்குலம் முன்பாகவே கையை நிறுத்தி, அந்த ஓரத்துக்கு மட்டும் தேங்காயெண்ணெய் தடவி, கால் மணி ஊறவிட்டு, சோப்பினால் கழுவலாம். எண்ணெய் சாவதானமானது, ஆனால் கெடுதல் செய்யாதது. மண்ணெண்ணெயும் பசையைக் கரைக்கும் என்பது உண்மையே. எனினும் அதன் வாடை பட்டு நூலில் ஏறிவிட்டால் போக்குவது கஷ்டம் என்பதால், நெசவு வீட்டில் அதைச் சிபாரிசு செய்ய எனக்கு மனமில்லை. பெட்ரோலை எந்த வீட்டிலும் எந்த ஜன்னலிலும் பிரயோகிக்கலாகாது.

அம்மோனியாவைத் தெளித்துக் கறுப்புப் பிளாஸ்டிக்கால் மூடி வெயிலில் வைத்தால் பேப்பர் தானே கழன்றுவிடும் என்று மேல்நாட்டார் எழுதுகிறார்கள். பலன் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயினும் அதன் ஆவி மூச்சையும் கண்ணையும் தாக்கும். அலுமினியச் சட்டத்தைக் கறைப்படுத்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, செம்பைப் பற்றி அரிக்கிற சுபாவம் அதற்கு உண்டாகையால், செம்புக் கம்பி சேர்ந்த சரிகை இருக்கிற வீட்டில் அதைத் திறக்கவே கூடாது. குளியலறைக்கு வாங்கிவைத்த பிளீச்சிங் திரவத்தோடு தப்பித்தவறி அது கலந்துவிட்டால் விஷவாயு பிறக்கும். சோப்புத் தண்ணீரும் அரைநாள் பொறுமையும் செய்து கொடுக்கிற காரியத்துக்கு இத்தனை அபாயம் எதற்கு?

புதிதாக அலுமினிய ஜன்னலோ யு.பி.வி.சி. ஜன்னலோ போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டத்தின்மேல் கம்பெனிப் பெயர் அச்சிட்டு ஒட்டிவருகிற காப்புத் தாள், பூச்சு வேலை முடிகிற வரையில் சிமென்ட் படாமலிருப்பதற்கானதே தவிர, நிரந்தர அலங்காரம் அன்று. புதுப் பொருளின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க மனம் வராத நம் சுபாவத்தினால், கிருகப்பிரவேசம் நடந்து இரண்டு கோடை கழிந்தும் அது சட்டத்திலேயே இருக்கிறது. பாலிதீனால் ஆன அந்தத் தாள் வெயிலில் முறுகி, நகத்தளவு செதில்களாக உதிருமே ஒழிய உரிந்து வராது. அப்புறம் ஹேர் டிரையரின் சூடும் தேங்காயெண்ணெயுமாக ஒரு வாரம் மன்றாடவேண்டும். வேலை முடிந்த வாரத்திலேயே உரித்துவிட்டால் ஐந்து நிமிஷம்.

பேப்பர் போன கண்ணாடியின் வழியே வருகிற வெளிச்சம், நீண்ட நாள் இருட்டில் பழகிய அறைக்கு மிகப் பிரகாசமாகத்தான் இருக்கும். அன்றைக்கே ஜன்னலுக்குக் கனத்த காடாத் துணித் திரை ஒன்று கட்டி, தறிப் பக்கம் நேர்வெயில் விழாதபடி செய்துகொள்ளுங்கள். புதுப் பேப்பர் ஒட்டுவதானால் கண்ணாடி முழுதும் பசையற்று உலர்ந்திருக்கவேண்டும். ஓரத்தில் மிஞ்சிய ஒரு கடுகளவு பிசுபிசுப்பும் புதியதில் கொப்புளமாக எழும். உரித்த பழைய பேப்பரைக் கொளுத்தாமல் மக்காத குப்பையோடு சேர்த்துவிடுங்கள். உபயோகித்த பிளேடுகளை மட்டும் அப்படியே எறியாமல், தடித்த அட்டைக்குள் வைத்து, டேப் சுற்றி, மேலே ‘பிளேடு’ என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். மறுநாள் காலையில் அந்தக் குப்பையைப் பிரிக்கிறவர் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் பிரிக்கிறார்.